நான் வாரி எரித்த மூடாக்கு

யமுனா,

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அவர் நன்றாக இருக்கிறார். இப்போதுதான் நடந்துவிட்டு வந்து பேப்பரை விரித்திருக்கிறார். எனக்கும் முட்டி வலியைத் தவிர வேறொன்றும் இல்லை. போனிலேயே சொல்லிவிடலாம் என்று நான்கைந்து முறை முயன்று பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பாடு, வெயில், மாத்திரை என்று பேச்சு எங்கோ போய்விடுகிறது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். விடுப்பு விண்ணப்பம் எழுதவைத்திருக்கிறேன், மாமாவுக்கு நன்றிக் கடிதம் எழுதவைத்திருக்கிறேன். பெற்ற மகளிடம் தப்பை ஒப்புக்கொண்டு எழுதுவது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இருந்ததில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், தெரியாததும் இருக்கும்.

நீ வந்தது ஐப்பசியில். கல்யாணமாகி மூன்றாவது வருடம். கையில் ஒரே ஒரு பை. கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் மழைத் தூறலில் நடந்தே வந்திருந்தாய். "என்ன அம்மிணி, மாப்பிள்ளை வரலையா?" என்றுதான் வாசலில் வைத்துக் கேட்டேன். தலையைத் துவட்டு என்று ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. "அவருக்கு வேலைங்கம்மா" என்றாய். ஒரு வாரம் உனக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து என் கவலை வேறாகிவிட்டது. பென்ஷன் விஷயமாக டிரஷரிக்குப் போனால் கூட வேலை பார்த்த டீச்சர்கள் கேட்பார்களே, தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் நம் வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்களே என்பதுதான் பெரிதாக இருந்தது. நீ அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். சாப்பாட்டை முக்கால்வாசி தட்டிலேயே வைத்தாய். அதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும், இது இப்படியே நீண்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூன்று சென்ட் தோட்டம் என் பெருமை. உனக்குத் தெரியும். ஒரு சருகு கிடக்கவிட மாட்டேன். விடிந்ததும் பெருக்கிக் கூட்டி, மூலையில் குவித்துத் தீ வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளை வைத்து மைதானம் முழுக்கக் கூட்டி, வேப்பிலையையும் புங்க இலையையும் எரித்தால்தான் அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும். மண் சிவப்பாக, வெறுமையாக, விளக்குமாற்றின் கோடுகளோடு கிடக்க வேண்டும். அதுதான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். கத்தரிக்கும் வெண்டைக்கும் வாரம் ஒரு முறை கொத்திவிட்டு, களை பிடுங்கி, காலையிலும் மாலையிலும் குடம் குடமாக ஊற்றுவேன். நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் அந்தத் தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். மறுபடியும் ஊற்றுவேன். கஷ்டப்பட்டால்தான் காய் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் நீ பின்பக்கம் போய் உட்கார்ந்திருந்தாய். சுற்றிலும் காலி அட்டைப்பெட்டிகள். மார்க்கெட் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாயிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாய். ஒவ்வொன்றாகப் பிரித்து, பிளாஸ்டிக் நாடாவை உரித்து, தண்ணீரில் நனைத்து மண்மேல் விரித்துக்கொண்டிருந்தாய்.

"இதென்ன அம்மிணி, கடைக்குப்பையெல்லாம் நம்ம ஊட்டுக்கா?"

"குப்பை இல்லீங்கம்மா. மூடாக்கு. அட்டைக்கு மேல தழை, கடலைக்கொடி, வைக்கோலுன்னு போட்டு மூடிட்டா மண்ணு காயாது. களையும் அவ்வளவா வராது. கொத்தவே வேண்டாம்."

"கொத்தாம வெள்ளாமை எங்கிருந்து வரும்? சோம்பேறிக்குன்னு எவனோ கண்டுபிடிச்ச வழி."

நீ சிரித்தாய். "ஆமாங்கம்மா, சோம்பேறிக்குத்தான்" என்றாய். வீட்டுக்கு வந்து அத்தனை நாளில் நீ சிரித்தது அதுதான் முதல் முறை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

முதல் முறை போட்டது முளைக்கவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? விதைக்கு மேல் அரை அடிக்கு வைக்கோலை அடுக்கிவிட்டாய். பத்து நாள் கழித்து விலக்கிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி நாலு முளை, மீதியெல்லாம் அழுகல். "அப்பவே சொன்னேனல்ல" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ தோற்றுப்போனால் கிளம்பிவிடுவாய் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்தேன் போலிருக்கிறது. நீ கிளம்பவில்லை. போனில் யாரோ பேசுகிற வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தாய். இந்த முறை வைக்கோலைக் கையால் விலக்கி, இடைவெளி விட்டு, அதற்குள் வெண்டை விதையை ஊன்றினாய். கிருஷிபவன் விவசாய ஆபீஸில் போய்த் தக்காளி நாற்றும் மிளகாய் நாற்றும் வாங்கி வந்தாய். மார்கழியில் நம் பக்கத்துக் காற்று கிளம்பி வைக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, தென்னமட்டையை இழுத்துவந்து குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அமர்த்தினாய். அப்பா தன் சிநேகிதர் காட்டிலிருந்து மொபெட்டில் கடலைக்கொடி கட்டிக்கொண்டு வந்தார். வாரம் இரண்டு முறைதான் தண்ணீர் விட்டாய். மீதி நேரம் பாத்தியோரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டாம் முறை ரசம் கேட்க ஆரம்பித்தாய். அப்பா அதைக் கவனித்து என்னிடம் சொன்னார். நானோ, ஒரு பெண் பகல் முழுக்கக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நொந்துகொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில்தான் நீ என்னிடம் சொன்னாய். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ வெண்டைத் தண்டைச் சுற்றி வைக்கோலை ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

"நான் கெளம்பி வர்றப்ப, அவரு என்கூடப் பேசி எழுபது நாளு ஆயிருந்துச்சுங்கம்மா."

"என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் இல்ல. அவிங்கம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துட்டேன். அன்னைலேர்ந்து பேசல. தட்டுல சோறு வெச்சா எடுத்துட்டு வேற ரூமுக்குப் போயிருவாரு. மொதல்லயும் ரெண்டு தடவை இப்படித்தான். ஊட்டுல நான் ஒருத்தி இருக்கறதே தெரியாத மாதிரி."

"அடிச்சாரா?"

"இல்லீங்கம்மா."

"அப்புறம் என்ன கண்ணு? ஆம்பளைங்க அப்படி இப்படி இருப்பாங்க. பேசலைன்னா நீ போய்ப் பேசு."

நீ அடுத்த செடிக்கு நகர்ந்து வைக்கோலை ஒதுக்கினாய். நான் அடுத்த துணியை உதறினேன். முப்பத்தோரு வருடம் வகுப்பில் நின்றவளுக்கு, பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் ரொம்ப நொந்த பிள்ளை என்பது தெரியும். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி அது எனக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கடிதத்தில் புத்தி என்று ஒன்றை மட்டும்தான் உனக்கு எழுதப்போகிறேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதும் தெரியும். நாளைக்கு யாராவது ஒருவர் உன்னிடம் வந்து இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால், அது எவ்வளவு பெரிய காயம் என்று அளக்கப் போகாதே. சொல்ல வந்ததே பெரிது என்று எடுத்துக்கொள்.

தை கடைசியில் உன் மாமியார் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வருகிறோம், பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார். எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. போனை வைத்ததும் எனக்குத் தோன்றியது தோட்டம்தான். கிணற்றடியில் கை கழுவப் போனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அட்டையும் சருகும் மட்டையும் பார்த்தால், பொண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்க மாட்டார்களா? டீச்சர் வீடு இப்படியா இருக்கிறது என்று பேச மாட்டார்களா? சனிக்கிழமை காலை உன்னிடம், "அப்பாகூடப் பொள்ளாச்சி போயி ஒரு பொடவை எடுத்துக்க, பழமும் ஸ்வீட்டும் வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். ஒன்பது மணி பஸ்ஸுக்கு நீங்கள் கிளம்பினீர்கள். போகும்போது நீ ஒரு செம்புத் தண்ணீரை மிளகாய்க்கு ஊற்றிவிட்டுப் போனாய்.

பஸ் போயிருக்கும் என்று தெரிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதலில் மட்டைகளை எடுத்தேன். பிறகு வைக்கோல், கடலைக்கொடி. அதற்கடியில் அட்டை பாதி மக்கி, கையோடு பிய்ந்து வந்தது. அதற்கும் அடியில் மண்ணைப் பார்த்தேன். தை மாதத்துக் காற்றில் ஊரே வறண்டு கிடக்கிறது, அங்கே மண் ஈரமாக இருந்தது. கறுத்து, பொலபொலவென்று, மண்புழு நெளிய இருந்தது. இருபது வருடம் அந்த மண்ணைக் கொத்தியவள் நான். அப்படி ஒரு மண்ணை அங்கே பார்த்ததில்லை. நின்று பார்த்தேன் யமுனா. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் சொல்ல முடியாது. பார்த்துவிட்டு மறுபடி வாரினேன். வாரும்போது வெண்டை இரண்டு ஒடிந்தது. பூ விட்டிருந்த செடிகள். இரண்டு ஒடிந்த பிறகு பாத்தி அலங்கோலமாகத் தெரிந்தது. அதனால் மீதியையும் பிடுங்கினேன். எல்லாவற்றையும் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பிறகு விளக்குமாறு போட்டுக் கோடு கோடாகக் கூட்டினேன்.

நீங்கள் வர நான்கு மணி தாண்டிவிட்டது. புகை அப்போதும் அடங்கவில்லை. நீ புடவைப் பையோடு நேராகப் பின்பக்கம் வந்தாய். அழுவாய், கத்துவாய் என்று பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். நீ சாம்பலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு, "ஊட்டை நல்லாக் கூட்டி வெச்சுட்டீங்கம்மா" என்றாய். "நாளைக்கு அவிங்க வந்ததும் நான் போயிர்றேன்." அவ்வளவுதான். மறுநாள் உன் மாமியார் கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்து, "டீச்சர் ஊடுன்னா சும்மாவா, எவ்வளவு சுத்தம்" என்றார். எனக்கு அது நிறைவாக இருந்தது. நீ பையோடு வாசலில் தயாராக நின்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். நானாக ஒன்றும் அறியேன். ஒன்றரை வருடம் கழித்து நீ அங்கிருந்து வெளியேறியதும், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்ததும், கோர்ட்டுக்கு ஒற்றை ஆளாய் அலைந்ததும் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாய். அவர் போனை என்னிடம் நீட்டினார். ஏன் கண்ணு நம்ம ஊட்டுக்கு வரலை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஒரு முறை வந்த உன்னைத் திருப்பி அனுப்பியவள் நான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அப்பாவோடு அரை மணி நேரம் பேசுகிறாய். என்னிடம் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதற்கும் நான் குறை சொல்லவில்லை.

இந்த வருடம் டாக்டர், முட்டி தேய்ந்துவிட்டது, குனிந்து கொத்தக் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். தோட்டம் நெருஞ்சியும் கோரையுமாகப் போய்விட்டது. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு ஆட்டோ பிடித்து மார்க்கெட் ரோட்டுக்குப் போனேன். பாய் கடையில் காலி அட்டைப்பெட்டி இருக்குமா என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மக வந்திருக்குதுங்களா டீச்சர்?"

"இல்லீங்க பாய். எனக்குத்தான்."

"அந்தப் புள்ளை கடைசியா வந்தப்ப, வைகாசி மழைக்கு முன்னால இன்னும் பத்துப் பெட்டி வேணும், பெருசாப் பாத்து எடுத்து வையுங்க பாயின்னு சொல்லிட்டுப் போச்சுங்க. ஆடி வரைக்கும் எடுத்து வெச்சிருந்தேன். அப்புறம் எடம் பத்தல."

வைகாசி. நீ வைகாசி வரை இருக்கலாம் என்று நினைத்திருந்தாய். ஒரு மழையைப் பார்த்து, அடுத்த விதைப்புக்குத் திட்டம் போட்டிருந்தாய். இதை அந்தக் கடையில் நின்று தெரிந்துகொண்டேன். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்ற அவரே வந்தார்.

நீ செய்ததைப் பார்த்த ஞாபகத்தில்தான் செய்தேன். அட்டை, தழை, கடலைக்கொடி. ஸ்டூலில் உட்கார்ந்தபடி காலால் தள்ளித் தள்ளிப் பரப்பினேன். நீ செய்த தப்பையெல்லாம் நானும் செய்தேன். கீரை விதைக்கு மேல் கனமாகப் போட்டு மூச்சடைக்க வைத்தேன். கத்தரித் தண்டை ஒட்டிக் குவித்து மூன்று செடி அழுகிப்போனது. பிறகு அட்டையில் கரையான் வந்துவிட்டது. அதற்குத்தான் போன மாதம், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, நானாக உனக்குப் போன் பண்ணினேன்.

"கரையான் காஞ்சதத்தான் திங்கும்மா, பச்சைச் செடியை அவ்வளவு லேசுல தொடாது. அட்டை காஞ்சு கெடக்கும், நல்லா நனைச்சு விடுங்க. வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம் தூவுங்க. தண்டுக்கு நாலு விரக்கடை தள்ளித்தான் வைக்கோல் போடோணும், ஒட்டிப் போட்டுறாதீங்க" என்று நீ பேச ஆரம்பித்தாய். நத்தைக்கு என்ன செய்வது, எந்தத் தழை சீக்கிரம் மக்கும் என்று இருபது நிமிடம் பேசினாய். நீ இத்தனை பேசி நான் கேட்டு எத்தனையோ காலம். கடைசியில், "நீங்க எதுக்கும்மா இதெல்லாம் பண்றீங்க?" என்று கேட்டாய். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "முட்டி வலிக்குதல்ல, அதுக்குத்தான்" என்றேன். "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டாய். முட்டி வலிக்கும் இதற்கும் சம்பந்தம் பாதிதான். மீதிப் பாதியைத்தான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். உன் தோட்டத்தை எரித்தது தப்பு. அதைவிடத் தப்பு, வீட்டுக்கு வந்த உன்னைப் போகவைக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தது. அதற்கு மன்னிப்பு கேட்கிறேன். நீ மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இவ்வளவும் எழுதி அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒண்ணு விட்டுப்போச்சு டீச்சரே" என்றார்.

"என்னங்க?"

"அன்னைக்குக் காலைல நீ மண்ணெண்ணெய்க் கேனைப் பின்பக்கம் கொண்டுபோய் வெச்சியே, அதை நான் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போதே நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும் என்றார். நான் அதுவரை அறியாதது அது. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை எழுத வேண்டாம் என்று நான் தடுத்தேன். "அவளுக்கு நீங்க ஒருத்தராவது இருக்கோணுமுங்க" என்றேன். "அவ ஞாயித்துக்கெழமை என்கூடப் பேசறதெல்லாம், அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுப் பேசறதுதானே" என்றார். பேனாவைக் கேட்டார். பஸ் ஓட்டின கை, எழுதிப் பழக்கம் இல்லை, கோணலாக இருக்கும். இதற்குக் கீழே இருப்பது அவர் எழுதியது.

கண்ணு, அன்னிக்குப் பொள்ளாச்சில பதினோரு மணிக்கே பொடவை எடுத்தாச்சு. ஊட்டுக்குப் போலாம்ப்பான்னு நீ ரெண்டு தடவை சொன்னே. நாந்தான் டீ குடிக்கலாம், இன்னொரு கடை பாக்கலாம்னு மூணு மணி வரைக்கும் நிறுத்தி வெச்சேன். எனக்குத் தெரியும். அப்பா.